ஊசிக்குப் பயந்த சனமா நாம்?

1

2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசி ஒரு தூய்மைப் பணியாளரின் கையில் ஏறியது. எல்லாத் தொலைக்காட்சிகளும் அந்தக் கையைக் காட்டின. அதே நாள், அதே தில்லியில், ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் இளம் மருத்துவர்கள் சங்கம் தன் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதியது. கோவேக்சினின் சோதனை இன்னும் முழுமையாக முடியவில்லை, எங்களுக்குக் கோவிஷீல்டு போடுங்கள் என்பது அதன் சாரம். அதை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. மருத்துவர்களின் கவலை என்றுதான் எழுதினார்கள்.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15-இல் ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17-ஆம் தேதி இறந்துபோனார். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு அக்டோபரில் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் நம்ம காலனிகளில் சனங்க கேட்டது ஒரே கேள்விதான்: "போட்டா ஒண்ணும் ஆயிராதே?" மருத்துவர்கள் கடிதத்தில் கேட்டதும் இதே கேள்விதான். ஆனால் இவர்கள் கேட்டால் அதற்குப் பெயர் தயக்கம், அறியாமை, விழிப்புணர்வுக் குறைவு.

இன்று மருத்துவ ஆய்விலும் சமூக ஆய்விலும் 'பொதுமக்கள் நம்பிக்கை' ஒரு பெரிய தலைப்பு. அறிக்கைகள் குவிகின்றன. தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்த அறிக்கைகளை ஓர் இலக்கியப் பிரதியைப் படிப்பதுபோல் படித்துப் பார்க்கிறேன். யார் எழுவாய், யார் செயப்படுபொருள் என்று பார்க்கிறேன். நம்பாதவர் என்று வரும்போது மட்டும் நாம் எழுவாய். அறுக்கப்பட்டவர், குத்தப்பட்டவர், கணக்கில் ஏற்றப்பட்டவர் என்று வரும்போது நாம் செயப்படுபொருள். அறுத்தவர் யார் என்பது வாக்கியத்திலேயே இருப்பதில்லை.

2

தமிழ்நாட்டில் தடுப்பூசியை எதிர்த்து மிக உரக்கப் பேசியவர் சேரியில் பிறந்தவர் இல்லை. 1955-இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்துத் தனிப் பிரசுரமே எழுதியவர் ராஜாஜி. கவர்னர் ஜெனரலாக இருந்தவர். குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் முந்திய வருசம்தான் முதலமைச்சர் பதவியை விட்டவர். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு இப்படிக் கூட்டம் கூட்டமாய் ஊசி போடுவதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்பது அவர் வாதம். மத்திய அரசு அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்றும் வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஒரு 'விவாதம்' என்றுதான் எழுதுகிறார்கள்.

பதின்மூன்று வருசம் கழித்து, 1968 முதல் 1971 வரை, அதே பி.சி.ஜி. ஊசியை உலகிலேயே பெரிய அளவில் சோதித்தது செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். ஏறத்தாழ 2.6 லட்சம் பேர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. பதினைந்து வருடத் தொடர் ஆய்வின் முடிவு 1999-இல் வெளிவந்தது. அதுவும் அதையே உறுதி செய்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயை அது தடுப்பதால் இன்றும் பிறந்த பிள்ளைக்குப் போடுகிறோம். போடத்தான் வேண்டும்.

எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்ன அந்த ஆய்வாளர்களின் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் ஒருவருக்குச் சொந்தமானது. சோதனைக்கான உடம்பு இன்னொருவருக்குச் சொந்தமானது. கையை நீட்டிய அந்த லட்சக்கணக்கான கூலிச் சனங்களை 'விவாதத்தில் பங்கேற்றவர்கள்' என்று எந்த வரலாறும் எழுதவில்லை.

3

திண்டுக்கல்காரர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. உடம்பையும் நம்பிக்கையையும் சேர்த்து ஆராயும் வேலை இந்தியாவில் முன்னதாகத் தொடங்கிய இடங்களில் ஒன்று நம்ம ஆத்தூர் ஒன்றியம். அப்போது மதுரை மாவட்டம். 1959-இல் காந்திகிராமம் இங்கே ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அது குடும்ப நல ஆய்வு நிறுவனமாக வளர்ந்தது. ஆத்தூர் அனுபவம் 1972-இல் அமெரிக்காவில் நூலாகவே வந்தது. சின்னாளபட்டிக்கும் செம்பட்டிக்கும் இடையில் கிடக்கும் ஊர்களின் பெண்டு பிள்ளைகள் கணக்கு வட கரோலினாவில் அச்சேறியது.

காந்திகிராமத்தின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் போக்கிடம் இல்லாத காலத்தில் கஸ்தூர்பா மருத்துவமனைதான் இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் ஆய்வின் முறையைக் கேள்வி கேட்கலாம். ஊர்களின் 'இயல்பான தலைவர்களை'க் கண்டுபிடித்து அவர்கள் வாயிலாகச் செய்தியைக் கொண்டுபோவது அங்கே கையாண்ட வழிகளில் ஒன்று. ஊருக்குத் தலைவர் யார் என்று நமக்குத் தெரியும். எந்தக் களத்தில் கூலி வாங்கினோமோ அந்தக் களத்துக்காரர். அவர் "ஆப்பரேசன் நல்லது, போயிட்டு வா" என்றால் அது யோசனையா, உத்தரவா? சேரிக்காரன் தலையாட்டினால் அதை நம்பிக்கை என்று எழுதுவதா, பயம் என்று எழுதுவதா?

அதற்கும் முன்னே, 1950-களின் பிற்பகுதியிலேயே, ஆப்பரேசன் செய்துகொள்ளும் ஏழைக்கு 30 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைச் சென்னை அரசு கொண்டுவந்திருந்தது. ஆள் கூட்டி வருகிறவருக்கும் காசு. அன்றைய கூலிக்கு 30 ரூபாய் என்பது மாதக்கணக்கான அரிசி. அப்போது பிறந்த மொழிதான் இன்றும் ஆபீஸ்களில் ஓடுகிறது. 'இலக்கு', 'ஊக்குநர்', 'ஏற்பாளர்'. அதிகாரியின் வாயில் இன்னும் சுருக்கம்: "இந்த மாசம் எத்தனை கேஸ் புடிச்ச?" பிடிக்கப்பட்டவளை 'ஏற்றுக்கொண்டவள்' என்று எழுதுவதுதான் இந்தத் துறையின் இலக்கணம்.

4

அவசர நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுக்க 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆப்பரேசன்கள் நடந்தன. அவற்றில் பெரும்பகுதி ஆண்களுக்கு. ஆப்பரேசனால் வந்த கோளாறுகளில் 1,774 பேர் செத்ததாக ஷா கமிசன் பதிவு செய்தது. ஆண்கள் கோபப்பட்டார்கள், ஆட்சி கவிழ்ந்தது, கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 58 பேர் ஆப்பரேசன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் பங்கு ஆயிரத்துக்கு ஒன்று. ஆணின் சந்தேகத்தைத் திட்டம் மதித்து ஒதுங்கிவிட்டது. பெண்ணின் சந்தேகத்துக்கு அந்த மரியாதை இல்லை.

2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம், பூட்டிக்கிடந்த ஒரு மருத்துவமனையில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை செய்தார். ஒரு நாளைக்கு 30 என்பது விதி. அந்த மாவட்டத்தில் அந்த நாட்களில் நடந்த முகாம்களில் 13 பெண்கள் செத்தார்கள். பெரும்பாலும் தலித், பழங்குடி, பிற்பட்ட சாதிக் கூலிப் பெண்கள். ஆளுக்கு 600 ரூபாய் கிடைக்கும் என்று வந்தவர்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த முகாம் முறையையே மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. நம்ம ஊரும் தப்பவில்லை. 2008 ஜூலையில் கள்ளக்குறிச்சிப் பக்கம் கடுவனூரில் இலவசக் கண் முகாம் என்று கூட்டி, பெரம்பலூருக்குக் கொண்டுபோய்க் கண் அறுத்தார்கள். 66 பேருக்குப் பார்வை போனது.

அறுவைச் சிகிச்சையின் விளைவு என்பதை யார் எப்போது அளக்கிறார்கள்? மருத்துவமனைக் கணக்கில் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினால் கேஸ் முடிந்தது. நம்ம பெண்களின் கணக்கு வேறு. ஆறு மாசம் கழித்து நாத்துக்கட்டைத் தூக்க முடிந்ததா? விடியுமுன் மூன்று மணிக்கு எழுந்து நிலக்கோட்டைப் பக்கம் மல்லித் தோட்டத்தில் குனிந்து பூப்பறிக்க முடிந்ததா? முடியாவிட்டால் அந்த ஆப்பரேசன் தோற்றதுதான். இந்தத் தோல்வி எந்த அறிக்கையிலும் ஏறாது.

என் சின்னம்மாவுக்கு ரெண்டாவது பிள்ளை பிறந்த கையோடு ஆப்பரேசன். நாலு தடவை வீடு தேடி வந்து கூட்டிப்போனார் நர்சம்மா. தையல் போட்ட இடம் சீழ் வைத்து மறுபடி போனபோது அதே நர்சம்மா சொன்னது: "தண்ணி படாம வச்சுக்கத் தெரியாதா? உங்க ஆளுகளே இப்படித்தான்." எந்த ஆசுபத்திரி என்பது முக்கியமில்லை. 'உங்க ஆளுக' என்ற சொல் முக்கியம். அதன் பிறகு சின்னம்மா பேரனுக்குத் தடுப்பூசி வேண்டாம் என்றாரா? இல்லை. தேதி தவறாமல் அவரே தூக்கிக்கொண்டு போனார். வாசல் வரைக்கும்தான். உள்ளே மருமகளை அனுப்பிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். "ஊசி நல்லதுதாண்டா, அந்த ரூம்புக்குள்ள எனக்குப் போக முடியல" என்பார். நம்பிக்கையை அளக்க வரும் ஆய்வாளர் சின்னம்மாவை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்?

5

கத்தியும் ஊசியும் வேறு வேறு என்று துறைகள் பிரித்து வைத்திருக்கின்றன. சனங்களுக்கு அது ஒரே கட்டடம், ஒரே நர்சம்மா, ஒரே மேசை. ஆகவே கத்தி செய்ததை ஊசி சுமக்கிறது.

2008 ஏப்ரல் 23 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு கிராமங்களுக்கே வந்து ஊசி போடுவதை அரசு நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னது. பாதுகாப்புக்காகத்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். எல்லா ஊசியும் முழுமையாகப் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06-இல் 100-க்கு 81. 2015-16-இல் 70. பின்னர் 2019-21-இல் 89. நடுவில் விழுந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கூலிக்காரிக்கு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. ஊசி போட்ட பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் மறுநாள் கூலியும் போச்சு. அவள் வராததற்குப் பெயர் அவநம்பிக்கையா?

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வந்தபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. அந்த மாதமே முடிய வேண்டிய முகாம் மார்ச் வரை நீண்டது. கையில் ஸ்மார்ட் போன் வைத்திருந்த, படித்த பெற்றோர் பரப்பிய பயம் அது. அரசுப் பள்ளியில் வரிசையில் நின்று கையை நீட்டியவை நம்ம பிள்ளைகள்.

6

1929-இல் 'யங் இந்தியா'வில் ஒரு கடிதம் வந்தது. கத்தியவாரில் தீண்டப்படாத சாதிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியது. பிரசவித்த மனைவிக்கு உடம்பு மோசமாகிறது. சேரிக்குள் வரமாட்டேன் என்ற நிபந்தனையோடு மருத்துவர் வருகிறார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவரிடம் கொடுக்கிறார், கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வரிசையில் அது திரும்பிப் போகிறது. அந்தப் பெண் செத்துப்போனாள். அம்பேத்கர் இதைத் தன் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நூலில் எடுத்து வைத்திருக்கிறார். மருத்துவமும் நம்பிக்கையும் பற்றி ஆயிரம் பக்க அறிக்கை சொல்லாததை அந்தக் கைமாறிய வெப்பமானி சொல்கிறது.

பழைய கதை என்பார்கள். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்து 2006-இல் நூலாக வந்த தீண்டாமை ஆய்வு, 100-க்கு 33 கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைவதில்லை என்று சொன்னது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் 200 தலித் சிறுவர் சிறுமியரைக் கேட்ட இன்னொரு ஆய்வில், மருந்து கொடுக்கும்போது தங்களைத் தொடாமல் கொடுக்கிறார்கள் என்று மிகப் பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். கேட்டதால் பதில் வந்தது. நான் பார்த்த தடுப்பூசித் தயக்க வினாத்தாள்களில் "உன்னை எப்படிக் கூப்பிட்டார்கள், தொட்டுப் பார்த்தார்களா, வலிக்கிறது என்று திரும்பிப் போனபோது என்ன சொன்னார்கள்" என்ற கேள்விகள் இல்லை. "தடுப்பூசியின் நன்மை உங்களுக்குத் தெரியுமா?" என்ற கேள்வி மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஒப்புதல் என்பதும் இப்படித்தான். 2009-10-இல் ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குப் போட்டார்கள். கம்மத்தில் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள் நிறைய. பல ஒப்புதல் படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் வார்டன்களும் தலைமையாசிரியர்களும். நடந்த 7 மரணங்கள் ஊசியால் இல்லை என்று விசாரணை சொன்னது, இருக்கலாம். ஆனால் பெற்றவளைக் கேட்காமல் போட்டது உண்மை என்று நாடாளுமன்றக் குழு 2013-இல் கண்டித்தது. ஊசி நல்ல ஊசி. அதைப் போட்ட விதம் அதன் பெயரைக் கெடுத்தது.

7

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தடுப்பூசியை எதிர்க்க இதை எழுதவில்லை. அம்மையில் அதிகம் செத்ததும் போலியோவில் கால் சூம்பியதும் நம்ம பிள்ளைகள். ஊசி நமக்குத்தான் அதிகம் வேண்டும். அரசு ஆசுபத்திரியை விட்டால் நமக்குப் போக்கிடமும் இல்லை; அதனாலேயே அதைக் கேள்வி கேட்கும் உரிமை மற்றவர்களைவிட நமக்கு அதிகம்.

நம்பிக்கையை நோயாளியின் குணமாகப் பார்க்கும் ஆய்வுகள் நமக்கு உதவாது. மருத்துவமனையின் நடத்தையை அளக்கும் ஆய்வு வேண்டும். ஆப்பரேசன் எத்தனை என்று எண்ணுவதோடு, ஆறு மாசம் கழித்து வீடு தேடிப் போய் "எப்படி இருக்கே தாயி?" என்று கேட்டவர் எத்தனை பேர் என்றும் எண்ண வேண்டும். ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் கூலிக்கு என்ன வழி என்று எழுத வேண்டும். ஒரு குழந்தை செத்தால், காரணம் என்ன என்பதை அந்தத் தாய்க்கு அவள் மொழியில், அவள் வாசலில் வந்து சொல்ல வேண்டும்.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று திண்டுக்கல்லில் இருக்கிறது. இட ஒதுக்கீட்டில் நம்ம பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். அவர்களிடமும் சமூகப்பணி, சமூகவியல் படிக்கும் மாணவர்களிடமும் கேட்கிறேன். அறுபது வருசத்துக்கு முன்னால் ஆத்தூர் ஒன்றியத்தில் நம்மை எண்ணினார்கள். அன்று ஆப்பரேசன் செய்துகொண்ட தாய்களில் சிலர் இன்னும் உயிரோடு இருப்பார்கள். இந்தத் தடவை கேள்வித்தாளை நாம் எழுதுவோம். அவர்களிடமிருந்து தொடங்குவோம்.