அடக்கத்தலமும் பல்கலைக்கழகக் கலைக்கூடமும்

சிங்கப்பூர் என்றதும் நம்மவர்க்குத் தெலுக் ஆயர் தெருவின் நாகூர் தர்கா நினைவுக்கு வருமேயன்றி, கென்ட் ரிட்ஜ் பகுதியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம் நினைவுக்கு வாராது. அங்குப் பிழைக்கச் சென்றோர்க்குக் கலைக்கூடம் பார்க்க ஓய்வு ஏது! ஆயினும் அக்கூடம் நம் கவனத்துக்கு உரியது.

1955இல் அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடமாக அது தோன்றிற்று. சீனக் கலை வரலாற்றறிஞர் மைக்கேல் சலிவன் அதன் முதற் காப்பாளர். அறுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் இரண்டாகியபோது, சேர்த்த பொருள்களும் பாகப்பிரிவினைக்கு உள்ளாயின. ஒரு பங்கு கோலாலம்பூர் சென்றது. எஞ்சியவை இடம் மாறி அலைந்து, 2002இல் இன்றைய கட்டடத்தில் அமைந்தன. சீனப் பீங்கானும் இந்தியச் சிற்பமும் அங்கு உண்டு. சிற்பி இங் எங் தெங் வழங்கிய நூற்றுக்கணக்கான ஆக்கங்களும் உண்டு.

காட்சிகளோ பலதிறப்பட்டவை. 2011இல் ஆங்கில ஆட்சிக்கால மலாயாவின் அருங்காட்சியகங்களையே ஆராயும் பொருளாக்கி ஒரு காட்சி வைத்தனர். 2013இல் சார்ல்ஸ் லிம் என்ற கலைஞர், கடலையும் கலங்கரை விளக்கத்தையும் பற்றிய தம் தேடலை அங்கே காட்சியாக்கினார். காட்சிகளுக்கு அவர்கள் இடும் பெயர்கள் பல, படித்தவரையும் மலைக்க வைப்பவை. பேராசிரியர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி அது.

நம்மைப் பெரிதும் ஈர்த்தது ‘சூஃபியும் தாடிக்காரரும்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட காட்சியே. கல்லாங் ஆற்றங்கரையில் சித்தி மர்யம் பெயரால் வழங்கிய ‘கெராமத்’ ஒன்று இருந்தது. நாம் கராமத் என்கிறோமே, அந்த அரபுச் சொல்லே மலாய் நாவில் கெராமத் ஆகி, அற்புதத்தை விட்டு அடக்கத்தலத்தைக் குறிக்கலாயிற்று. 2010இல் அத்தலம் இடிக்கப்பட்டது. அதன்பின் அதன் நினைவைப் பல்கலைக்கழகக் கூடம் ஏந்திக்கொண்டது.

ஜியாரத் பற்றி நம் இல்லங்களிலேயே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்க நாம் இங்கு முற்படவில்லை. நாம் கேட்பது வேறு. ஓர் அடக்கத்தலம் கலைக்கூடத்தினுள் வரும்போது எது மிஞ்சுகிறது? அங்குத் தூப மணம் இல்லை. நேர்ச்சையோடு வந்த ஏழைப் பெண்ணின் கண்ணீர் இல்லை. விளக்கேற்றும் கையும் இல்லை. குளிரூட்டிய அறையில் அது ஆய்வுப் பொருளாகிவிடுகிறது. இக்குறையை எந்தக் கலைக்கூடமும் முற்றிலும் தவிர்க்க இயலாது.

எனினும் இக்காட்சியை நாம் பாராட்டவே செய்கிறோம். காரணம் அதன் பெயரிலேயே உள்ளது. அடங்கியிருந்தவருக்கு இணையாக, அத்தலத்தைப் பேணிய தாடிக்காரருக்கும் அதில் இடம் உண்டு. வரலாறு எழுதுவோர் வலிமார்களைச் சொல்வர். கூட்டிப் பெருக்கி, வருவோர்க்குக் கதை சொல்லி, இரவில் காவல் இருந்தவரைச் சொல்வதில்லை. தெலுக் ஆயர் தர்காவுக்கு 1974இல் தேசியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. கல்லும் சுதையும் கொண்ட அழகிய கட்டடம் அது, சட்டம் காத்தது. கல்லாங் தலத்துக்கு அத்தகைய தகுதி வாய்க்கவில்லை. சின்னம் ஆகாதவற்றின் நினைவைத் தாங்கப் பல்கலைக்கழகம் முன்வந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து எழுதும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. இவ்வூரின் பல்லவர் காலக் குடைவரையை வரலாறு அறியும். ஆனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைகள் எழுந்து, வயலும் ஏரிக்கரையும் உருமாறிவரும் இவ்வட்டாரத்தில், பெயர் மட்டுமே எஞ்சிய அடக்கத்தலங்களையும் பழைய மையவாடிகளையும் யார் குறித்து வைப்பார்? இப்பக்கத்துக் கல்லூரி ஒன்று ஓர் அறையை ஒதுக்கி, மாணவரிடம் படக்கருவி ஒன்றைக் கொடுத்து, அவ்விடங்களைப் பேணும் முதியவர்களிடம் அனுப்பலாம். காட்சிக்குப் பெயரிடும் பொறுப்பைப் பேராசிரியர்களிடம் விடாமல் அம்முதியவர்களிடமே விடவேண்டும் என்பது நம் விருப்பம்.