தெராக்-25: பிழை எங்கே இருந்தது?

நான்ஸி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993-ல் எழுதிய தெராக்-25 விசாரணைக் கட்டுரையை நம்ம ஐ.டி. ஆட்கள் 'ரேஸ் கண்டிஷன்' கதையாகச் சுருக்கிடறாங்க. 1985-87-ல் அந்தக் கதிர்வீச்சு மெஷினில் ஆறு பேருக்கு மிகை டோஸ், காரணம் ஒரு பக், அவ்வளவுதான்!

நடை வறட்சிதான். ஆனால் ஒற்றை பக்கைக் குற்றவாளியாக்க மறுப்பதுதான் கட்டுரையின் பலம். அதே பிழை பழைய தெராக்-20-லயும் இருந்தது. சிகாகோவில் மாணவர்கள் கன்னாபின்னான்னு தட்டினப்போ ஃப்யூஸ் மட்டும்தான் போச்சு, ஏன்னா அதில் ஹார்டுவேர் பூட்டுகள் இருந்தன. 25-ல் அவற்றை எடுத்துவிட்டு, 'ஏற்கனவே ஓடின' கோடை நம்பினார்கள். 1983-ல் நிறுவனம் செய்த பாதுகாப்பு ஆய்வு நிரல் பிழைகளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் தவறான எனர்ஜியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பத்தாயிரம் கோடியில் ஒன்றாம். அந்த எண் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை.