பத்துச் சிற்றினங்களா, மூன்றா?

வண்ணத்துப்பூச்சிகளைச் சிறகின் நிறம், புள்ளி முதலியவற்றைக் கொண்டு வகைப்படுத்துவது பழைய முறை. டி.என்.ஏ.யைப் படித்து வகைப்படுத்துவது புதிய முறை. புதியது வந்தபின் பழையது எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விடை காண, புதிய முறைக்குப் புகழ் தேடித் தந்த ஓர் ஆய்வையே எடுத்துப் பார்ப்போம்.

கண் ஏமாறும் என்பது உண்மையே. பள்ளிகொண்டா, ஆம்பூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. பாப்பிலியோ பாலிடெஸ் என்பது அதன் பெயர். இதன் பெண் பூச்சிகளில் மூன்று வடிவங்கள் உள. ஒன்று ஆணைப் போன்றது. மற்ற இரண்டும், ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளர்வதால் பறவைகளுக்கு ஒவ்வாத வேறு இரு வண்ணத்துப்பூச்சிகளைப் போல வேடமிட்டவை. 1758-இல் லின்னேயசே இந்த ஒரே சிற்றினத்திற்கு இரண்டு பெயர்கள் இட்டுவிட்டார். பிரையர் என்பவர் இலங்கையில் இவற்றை வளர்த்து, ஒரு தாய்க்கே வெவ்வேறு வடிவ மகள்கள் பிறப்பதை 1913-இல் வெளியிட்டார். வடிவத்தை முடிவு செய்வது டபுள்செக்ஸ் என்னும் ஜீன் என்பது 2014-இல் தெரிந்தது. அவ்வாய்வில் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குந்தேயும் பங்கு கொண்டார்.

இனி நாம் எடுத்துக்கொண்ட ஆய்வுக்கு வருவோம். மைட்டோகாண்டிரியாவிலுள்ள ஒரு ஜீனின் ஏறத்தாழ 650 காரங்களின் வரிசையைப் படித்தால், கடைப் பொருளின் பட்டைக்கோடு போல அது சிற்றினத்தைக் காட்டிக் கொடுக்கும் என்று கனடா நாட்டின் பால் ஹெபர்ட் 2003-இல் கூறினார். மறு ஆண்டே அவரும் டேனியல் ஜான்சன் முதலியோரும், கோஸ்டா ரிகா காட்டில் கம்பளிப்புழுவிலிருந்து வளர்த்த 484 பூச்சிகளை இவ்வாறு ஆராய்ந்தனர். 1775 முதல் ஒரே சிற்றினமாகக் கருதப்பட்ட அஸ்ட்ராப்டஸ் புல்ஜெரேட்டர் உண்மையில் பத்து என்றனர்.

2006-இல் ஆண்ட்ரூ புரோவர் அதே தரவுகளை மீண்டும் கணக்கிட்டார். மூன்றுக்குக் குறையாமலும் ஏழுக்கு மேற்படாமலும் உள்ள பிரிவுகளுக்கே சான்று உண்டு என்றார். முதல் ஆய்வில் கையாண்ட கணக்கு முறை, எந்தத் தரவைக் கொடுத்தாலும் ஒரு கிளைப்படம் வரைந்தே தீரும். படத்தில் கிளை தெரிவது மட்டுமே பிரிவுக்குச் சான்றாகாது.

வேறு குறைகளும் உள. மைட்டோகாண்டிரியா தாய்வழியே வருவது. தந்தையின் கதையை அது சொல்லாது. வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா பூச்சியினுள் குடியேறினால், அதனோடு சேர்ந்து ஒரு சிற்றினத்தின் மைட்டோகாண்டிரியா இன்னொன்றிலும் பரவக் கூடும். இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். தராசு எடையைக் காட்டும். கால் கிலோவுக்கு மேற்பட்டதெல்லாம் மாம்பழம் என்று சொல்லாது. எத்தனை வேறுபாடு இருந்தால் தனிச் சிற்றினம் என்ற எல்லையை வகுப்பவர் நாமே.

எனினும் அந்த ஆய்வைத் தள்ளிவிடலாகாது. அவர்கள் ஜீனை மட்டும் நம்பவில்லை; புழுவின் நிறத்தையும் அது தின்ற செடியையும் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்திருந்தனர். ஆய்வின் உயிர்நாடி அதுவே. அதை விட்டுவிட்டு டி.என்.ஏ.யின் வெற்றி என்று மட்டும் எழுதுவது அவர்களுக்கே அநீதி. 2017-இல் அதே நாட்டின் வேறு சில பூச்சிகளின் உட்கரு டி.என்.ஏ. முழுவதையும் படித்தபோது, பட்டைக்கோடு எழுப்பிய ஐயங்கள் சரியென்று தெரிந்தன. ஆகவே பட்டைக்கோடு நல்ல சாட்சி. அதையே நீதிபதியாக்குவது தவறு.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. இரண்டை ஒன்றெனக் கருதினால், அவற்றுள் அரியது அழிவதை நாம் அறியமாட்டோம். ஒன்றை வீணே பலவாக்கினால், காப்பதற்கான பணமும் உழைப்பும் சிதறும்.

டி.என்.ஏ. படிக்கும் கருவி நம் ஊர்க் கல்லூரிகளில் இல்லாமலிருக்கலாம். கறிவேப்பிலைச் செடியில் முட்டையிட வரும் பெண் எந்த வடிவத்தது என்று பார்த்து, அம்முட்டைகளைப் புட்டியில் வளர்த்து, வெளிவரும் மகள்களைத் தேதியோடு எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பிரையர் செய்ததும் இத்தகைய வேலைதான்.