தோட்டாவின் வடிவமும் துவக்கின் ஆபத்தும்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பல பகுதிகளும் மிச்சிகனின் தெற்கும் பெரிதும் சமதரை. வயலும் வீடும் ஒட்டிக்கிடப்பவை. தூரம் பாயும் ரைபிள் குண்டு ஊருக்குள் விழுந்துவிடும் என்ற பயத்தில் ஒகையோவிலும் தென் மிச்சிகனிலும் மான் வேட்டைக்கு நெடுங்காலம் ரைபிளுக்குத் தடை; சொட்கன் போன்றவையே விதியாக இருந்தன. 2014இல் அந்த விதி தளர்ந்து, அடிமுதல் வாய்வரை ஏறத்தாழ ஒரே பருமனான நேர்ச்சுவர்த் தோட்டாக்களுக்கு அனுமதி கிடைத்தது. கழுத்துக் குறுகிய தோட்டாவை விட அவற்றில் மருந்து குறைவு, குண்டின் வேகமும் குறைவு. வேட்டைக்காரருக்கும் இலாபம்தான்: பன்னிரண்டு போர் சொட்கன்னின் ஒற்றைக் குண்டு தோளில் கொடுக்கும் அடி இதில் பொதுவாக இல்லை, குறியும் எளிதில் தப்பாது. குறி தப்பாவிட்டால் காயத்தோடு காட்டுக்குள் ஓடிச் சாகும் மான்களும் குறையும். தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தே அதிகாரி தீர்ப்புச் சொல்லலாம் என்பது இன்னொரு வசதி.

அந்த வசதியே இதன் பலவீனமும். சட்டம் அளப்பது வடிவத்தை, ஆபத்தை அல்ல. சின்னஞ்சிறு .22 தோட்டாவின் குண்டுகூட மேல்நோக்கிச் சாய்த்துச் சுட்டால் ஒரு மைலைத் தாண்டும். பென்சில்வேனியச் சட்டமன்றக் குழுவொன்றுக்காக 2007இல் செய்த ஆய்வு, தரைக்குச் சமாந்தரமாகச் சுடும்போது சொட்கன் குண்டு பட்டுத் தெறித்து ரைபிள் குண்டைவிடச் சற்றுக் கூடுதல் தூரம் போகக்கூடும் என்று கண்டது. பழைய தடையின் அடிப்படையையே அது அசைத்துவிட்டது. மனிதரின் கவனத்தைச் சட்டத்தால் அளக்க முடியாது, பொருளைத்தான் கட்டுப்படுத்த முடியும் என்பார்கள். நியாயம்தான், ஆனால் எந்தப் பொருளை?

இலங்கையின் பனிச்சங்கேணி, வாகரைப் பக்கத்துக்கு இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தால் விடை மாறிவிடுகிறது. கடலோர வேடர் வாழும், வேட்டையின் பழைய நினைவு நிலைத்த பிரதேசம் இது. இன்றோ 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை; அவற்றுக்கு நல்ல தோட்டா எது என்ற பேச்சே இங்கு செல்லாது. இலங்கைக் காடுகளில் மனிதரையும் விலங்குகளையும் முடமாக்குவது கட்டுத்துவக்கு. பன்றி வரும் தடத்தில் துவக்கைப் பொருத்தி, விசையோடு நூல் கட்டி, தாழ்வாகக் குறிவைத்து, கட்டியவன் வீட்டுக்குப் போய்விடுகிறான். நூலை இடறுவது பன்றியா, விறகுக்குப் போன பெண்ணா, யானையா என்று துவக்குக்குத் தெரியாது. காலில் வெடிபட்ட யானை புண் அழுகி மெல்லச் சாகிறது. பயிரழிவால் நொந்த விவசாயிக்கு வேறு வழி என்ன என்று கேட்கலாம். அனுமதிப்பத்திரத் துவக்கும் காவல் பரணும் மின்வேலியும் செலவானவை, முழுப் பலனும் தராதவை. ஆனாலும் அவற்றில் சுடுவதற்கு முன் பார்க்க ஒரு கண் உண்டு, இல்லையேல் சுடுவதே இல்லை. தோட்டாவின் சுவரை அளப்பதைவிட, சுடுபவன் இல்லாமலே சுடும் இந்தத் துவக்கை ஊரிலிருந்து அகற்றுவதே இங்கு முதல் வேலை.