அடர்வனமும் தெருமரமும்

2020-ல் கோட்டூர்புரத்தில் சென்னை மாநகராட்சி மியாவாக்கி முறையில் அடர்வனம் வளர்க்கத் தொடங்கியது. குப்பை கொட்டிவந்த நிலம் சீக்கிரமே பச்சையாக அடர்ந்தது. பிற வட்டாரங்களுக்கும் இம்முறை போனது. பூச்சிக்கும் பறவைக்கும் இடம் கிடைத்ததில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பருவநிலை மாற்றத்துக்கு நகரம் தயாராகும் கணக்கில் இதைச் சேர்க்கும்போதுதான் எனக்கு உடன்பாடில்லை.

தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி ஜப்பானியக் கோயில் தோப்புகளைப் படித்து வகுத்த முறை இது. சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள். வெளிச்சத்துக்கு முட்டிமோதி எல்லாம் மேலே ஓடும். சோழமண்டலக் கரையின் சொந்தக் காட்டுக்கு அந்த அவசரம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி, குட்டையாக, தடித்த இலையோடு நிதானமாக வளர்வது அது. கிண்டியில் அதன் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். நெருக்கி நட்டு விரட்டினால் நெட்டையாகவும் ஒல்லியாகவும்தான் தண்டு கிடைக்கும். புயல் வரும் ஊருக்கு அது தகுமா?

வெப்பத்தின் கதை இன்னும் மோசம். இலைகள் நீராவி விட்டுக் காற்றைக் குளிர்விப்பது கடலோரப் புழுக்கத்தில் பெரிதாக எடுபடாது. உடம்பைக் காப்பது வெயிலை மறிக்கும் நிழல். அந்த நிழல் வேலிக்குள்ளேயே விழுந்தால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் என்ன லாபம்?

தெருவில் மரம் வைக்க இடமில்லை, காலி மனையையாவது கட்டடத்திடமிருந்து காப்பாற்றினோம் என்பார்கள். பின்பாதி நியாயமானது. முன்பாதியை ஏற்க முடியாது, தெருமரத்தின் இடத்தை அடைத்தது நாம்தான். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது பழியெல்லாம் அயல்மரம் என்று குல்மோகர் மேல் விழுந்தது. அடிமரம்வரை சிமென்ட் பூசியதையும், வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி வேரை வெட்டியதையும் பேசியவர்கள் குறைவு. வேர் போனால் வேம்பும் விழும்.

எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். மெல்போர்ன் நகரம் தன் மரங்களுக்காக 2012-ல் வகுத்த திட்டம் நட்ட கன்றுகளை இலக்காக வைக்கவில்லை. பொது இடங்களில் 22 சதவீதமாக இருந்த மரநிழல் பரப்பை 2040-க்குள் 40 ஆக்குவதே குறி. நோய் வந்தால் மொத்தமும் போய்விடாதபடி, ஒரே இனம் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு கட்டினார்கள். நமக்குக் கன்றுகளின் எண்ணிக்கைதான் சாதனை.

ஆகவே, இருக்கும் அடர்வனங்கள் பல்லுயிர்ப் பூங்காக்களாக இருக்கட்டும். வெயிலுக்கென்று ஒதுக்கும் பணம் தெருமரத்தின் வேர்க்குழிக்கும், சிமென்டை உடைத்து மண்ணைத் திறக்கும் கூலிக்கும், முதல் மூன்று கோடைக்கான தண்ணீருக்கும் போக வேண்டும்.