பறவை மனிதனைப் பூதமாக்கிய கதை
'2.0' குறித்துப் பிந்திய ஒரு வாசிப்பு

ஷங்கரின் '2.0' 2018 நவெம்பர் 29 ஆம் திகதி திரைக்கு வந்தது. முதல் வாரத்தில் அதைப் பற்றித் தமிழில் வெளிவந்த அபிப்பிராயங்களைச் சேர்த்துப் பார்த்தால் அவை இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். 'இப்படியொரு காட்சியைத் தமிழில் இதுவரை கண்டதில்லை' என்பது ஒன்று. 'காட்சி இருக்கிறது, கதை எங்கே?' என்பது மற்றையது. இரண்டையும் சொன்னவர்கள் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றதாக நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் இரு சாராரும் கையில் வைத்திருந்தது ஒரே அளவுகோலைத்தான். கொடுத்த காசுக்குக் கண் எவ்வளவு வியந்தது என்பதே அந்த அளவுகோல்.

வியப்பில் பிழையில்லை. 2010 இல் வந்த 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சி இது. நேரடியாக முப்பரிமாணத்திலேயே படமாக்கப்பட்டது. ஐந்நூறு கோடி இந்திய ரூபாய்க்கு மேல் செலவு என்று விளம்பரப்படுத்தினார்கள். ஏ. ஆர். ரஹ்மானின் இசை, நீரவ் ஷாவின் ஒளிப்பதிவு, ரசூல் பூக்குட்டியின் ஒலியமைப்பு என்று தொழிற்றிறனில் குறை வைக்கவில்லை. குறை கண்டவர்களில் பலர் சுஜாதா இல்லாததைச் சொன்னார்கள். 'எந்திரன்' வசனங்களில் அவருடைய குறும்பு இருந்தது. 2008 இலேயே அவர் காலமாகிவிட்டார். '2.0' வசனத்தில் ஷங்கரோடு சேர்ந்துகொண்டவர் ஜெயமோகன்.

அந்த நாட்களில் ஒரு வேலையாகக் கொழும்பு போயிருந்தபோது தாத்தாவின் மகன் என்னைப் படத்துக்கு அழைத்துப் போனான். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருந்தோம். நகரத்தின் கைத்தொலைபேசிகளெல்லாம் உரியவர்களின் கைகளிலிருந்து பறந்து வானத்தில் ஏறிய காட்சியில் அரங்கமே கூச்சலிட்டது. நான் என்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். "மாமா பயந்துட்டீங்க" என்று அவன் சிரித்தான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்ற அரைமணி நேரமும் அந்தக் கைத்தொலைபேசிகள் ஒன்றுசேர்ந்து இராட்சதப் பறவையான விதத்தையே பேசினோம். பறவைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பறவைகள் அழிகின்றன என்று இரண்டரை மணித்தியாலம் முறையிட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

இந்த மறதிக்குப் பார்வையாளரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. படம்தான் அதை நமக்குப் பழக்குகிறது.

கதையைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். பட்சிராஜன் ஒரு முதிய பறவையியலாளர். கைத்தொலைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று அவர் நம்புகிறார். மனுக் கொடுக்கிறார், வழக்காடுகிறார், கெஞ்சுகிறார். எவரும் செவிசாய்ப்பதில்லை. ஒரு கோபுரத்தில் ஏறித் தூக்கிட்டுக்கொள்கிறார். இறந்த பறவைகளின் சக்தியோடு அவருடைய ஆவியும் கலந்து, கைத்தொலைபேசிகளைக் கொண்டே மனிதரைக் கொல்லக் கிளம்புகிறது. நாம் பேய் என்று சொல்வதைப் படம் 'ஓரா' என்று விஞ்ஞானப் பெயர் வைத்து அழைக்கிறது. விஞ்ஞானி வசீகரன் தன் இயந்திர மனிதன் சிட்டியை மீண்டும் உயிர்ப்பித்து அந்தச் சக்தியை அடக்குகிறார்.

உயிரோடிருந்த பட்சிராஜனுக்குப் படத்தில் கிடைப்பது ஒரு பின்னோக்கிய பகுதி மட்டுமே. படத்தின் மிக நிதானமான, மிக மனிதத்தன்மையான பகுதியும் அதுதான். அக்ஷய் குமார் அந்தக் கிழவரை நன்றாகவே செய்திருந்தார். ஆனால் நீதி கேட்கும் மனிதராக அவர் இருக்கும்வரை படத்துக்கு அவர் தேவைப்படவில்லை. பூதமான பிறகே கமரா அவர் பக்கம் முழுமையாகத் திரும்புகிறது. பூதத்தைத் தோற்கடிக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. குட்டி இயந்திர மனிதர்கள் புறாக்களின் மீதேறி வந்து, அந்தப் புறாக்களைப் பணயம் வைத்து மிரட்டித்தான் பட்சிராஜனை இறங்கிவரச் செய்கிறார்கள். பறவைகளை நேசித்தவனை வெல்லக் கதாநாயகர் தரப்புக்குக் கிடைத்த ஆயுதம் பறவையின் உயிர். அரங்கம் கைதட்டியது. நான் வாசித்த முதல்வார விமர்சனங்கள் எதிலும் இந்த இடம் உறுத்தியதாக எழுதப்படவில்லை. கடைசியில் வசீகரன் பட்சிராஜன் சொன்னதிலும் நியாயமுண்டு என்று சில வசனங்களில் ஒப்புக்கொள்கிறார். அது மையித்து அடக்கியானபின் சொல்லும் நற்சாட்சி போன்றது.

பட்சிராஜன் பாத்திரம் சலீம் அலியை மனதிற்கொண்டு அமைக்கப்பட்டது என்று படம் வந்த நாட்களிலேயே பத்திரிகைகள் எழுதின. நம் வாசகருக்கு அவரைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். 1896 இல் பம்பாயில் ஒரு சுலைமானி போஹ்ரா குடும்பத்தில் பிறந்தவர். தாய் தந்தையரை இழந்து மாமா அமீருத்தீன் தய்யப்ஜியின் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாக ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்ததால் இது வழக்கமான குருவியா, உண்ண ஆகுமானதா என்ற சந்தேகம் வந்து மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். ஹலாலா ஹறாமா என்ற ஒரு பிள்ளையின் கேள்வியிலிருந்து இந்தியப் பறவையியலின் ஒரு வாழ்நாள் உழைப்பு தொடங்கியிருக்கிறது. 1941 இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூல், டில்லன் றிப்ளியோடு சேர்ந்து பத்துப் பாகங்களில் கைநூல், 1976 இல் பத்ம விபூஷண், அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க எழுப்பிய குரல் என்று நீண்ட அந்த வாழ்வு 1987 இல் முடிந்தது.

இங்கே நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. சலீம் அலி பட்சிராஜனாகப் பெயர் மாற்றப்பட்டதைக் கண்டு வருந்திய நண்பர்கள் இருக்கிறார்கள். தமிழ்ச் சினிமாவில் ஒரு முஸ்லிம் விஞ்ஞானியைக் காணும் சந்தர்ப்பம் தவறிவிட்டது என்பது அவர்களின் ஆதங்கம். 'நல்ல காலம் மாற்றினார்கள்' என்றவர்களும் உண்டு. 'ரோஜா' தொடங்கி 'விஸ்வரூபம்' வரை கண்டவர்கள் நாம். தாடி வைத்த ஒரு முஸ்லிம் கிழவர் நகரத்தைக் கொன்று குவிக்கும் காட்சி வந்திருந்தால் முதலில் கண்டனம் எழுதுகிறவர்களும் நாமாகத்தான் இருப்போம். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கேள்வி பெயரில் இல்லை. நியாயம் கேட்கும் அறிவாளி ஒருவரைப் பூதமாக்காமல் இந்தப் பிரதியால் நகர முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. சலீம் அலி கோபுரத்தில் தொங்கியவரல்லர். பொறுமையாக எண்ணியவர், எழுதியவர், வாதாடியவர், சில இடங்களில் வென்றும் காட்டியவர். அந்தப் பொறுமைக்கு முப்பரிமாணத்தில் இடமில்லை.

குற்றவாளியாக யாரை நிறுத்துவது என்பதிலும் படம் இலகுவான வழியைத் தேர்ந்தது. ஓர் அமைச்சர், ஒரு நிறுவன முதலாளி, ஒரு வியாபாரி கொல்லப்படுகிறார்கள். அதன் பிறகு பழி முழுவதும் கைத்தொலைபேசி வைத்திருக்கும் எல்லார் தலையிலும் விழுகிறது. எல்லாரும் குற்றவாளி என்றால் ஒருவரும் பொறுப்பாளியல்லர். இந்தியத் தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் படம் வருமுன்பே தணிக்கைச் சபையிடம் முறையிட்டது. முறைப்பாட்டால் படம் நிற்கவில்லை, பேச்சுத்தான் கூடிற்று. அந்தப் பேச்சில் பலர் கவனிக்காத செய்தி, படத்தைத் தயாரித்த லைக்கா குழுமமே கைத்தொலைபேசிச் சேவையில் வளர்ந்தது என்பதாகும். அதன் நிறுவனர் சுபாஸ்கரன் அல்லிராஜா இலங்கையில் பிறந்த தமிழர். புலம்பெயர்ந்தோர் ஊருக்குக் கதைத்த நிமிடங்களின் வருமானத்தில், கதைப்பதே பாவம் என்று ஒரு படம். இதில் சட்டப் பிழையொன்றும் இல்லை. ஒரு விமர்சகன் குறித்து வைக்க வேண்டிய முரண் இது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

படம் ஊருக்கு வந்து சேர்ந்த பின் எட்டாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், நம்மட ஊர்ல சிட்டுக்குருவி இல்லாததுக்கும் டவர்தானா காரணம்?" நான் ஆம் என்றேன். திரையில் கண்டதை விஞ்ஞானம்போல் விளக்கவும் செய்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான். "சேர், டவர்லதானே மைனா கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சிருக்கு. அதுக்கு ஒண்டும் செய்யல்லையா?" வகுப்பு சிரித்தது. என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிறகுதான் தேடி வாசித்தேன். கோபுரக் கதிர்வீச்சுக்கும் பறவைகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய இந்தியச் சுற்றாடல் அமைச்சு 2010 இல் அசத் ரஹ்மானி தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. அக்குழு முன்னெச்சரிக்கை தேவை என்றது. 2020 இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையோ, சிட்டுக்குருவி சில பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடு முழுவதும் பார்த்தால் ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்றும், கோபுரமே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றும் சொன்னது. கூடு வைக்க இடமும் குஞ்சுக்குப் பூச்சியும் குறைந்துபோவதே கூடுதலாகப் பேசப்படும் காரணங்கள். படம் ஓர் ஐயத்தைத் தீர்ப்பாக்கியது. நான் அந்தத் தீர்ப்பைப் பாடமாக்கினேன்.

சரியான பதிலை வீட்டில் உம்மா சொன்னார். "நாம போனோம், குருவியும் போயிட்டு. ஆக்கள் இல்லாத ஊட்டுல அதுக்கு யாரு மகன் அரிசி எறியிற?" அடைக்கலக் குருவி என்று அதற்குப் பெயர் வந்ததே மனிதர் வீட்டில் ஒண்டி வாழ்வதால்தான். முற்றத்தில் புடைக்கும் அரிசியும் கூரையின் இடுக்கும் அதன் உலகம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் பெரியமடுவும் வெறுமையாயிற்று. சிறுவனாகப் புத்தளத்து ஓலைக் கொட்டிலுக்குப் போன நான் 2009 க்குப் பின்னரே திரும்பி வந்தேன். வந்தபோது வீடுகள் இல்லை, காடு இருந்தது. இப்போது கட்டிய வீடுகளுக்கு இடுக்கில்லாத கூரை. எங்கள் குருவி இல்லாமற்போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கோபுரம் என்ற ஒற்றைக் காரணம் அந்த வரலாற்றை அழித்துவிடுகிறது. அதைவிட, பாதிக் குடும்பம் புத்தளத்திலும் பாதி இங்குமாகப் பிரிந்து கிடந்த ஆண்டுகளில் உம்மாவின் குரலை எனக்குக் கொண்டுவந்தது அந்தக் கோபுரம்தான். அதை வெறும் சைத்தானாகக் காட்டுகிற கதை எங்கள் வாழ்வை அறியாத கதை.

பறவைக்கு ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. மன்னாரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் பூநாரைகளும் ஊசிவால் வாத்துக்களும் வந்திறங்கும் வங்காலைச் சரணாலயம் 2010 இல் றம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 2020 டிசெம்பரில் மன்னார்த் தீவில் முப்பது காற்றாலைகள் கொண்ட 'தம்பபவனி' திறந்து வைக்கப்பட்டது. அதன் பின் வந்த அதானி நிறுவனத்தின் திட்டத்துக்கு எதிராகச் சூழலியலாளர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் நின்றார்கள். கரியமில வாயு இல்லாத மின்சாரமும் வேண்டும், பறவைகளின் பாதையும் வேண்டும், மீனவரின் கரையும் வேண்டும். இதில் யாரையும் பூதமாக்கி ஒரு குண்டில் முடித்துவிட முடியாது. எங்கே நடுவது, எத்தனை நடுவது, எந்த மாதங்களில் நிறுத்துவது என்று எண்ணியும் அளந்தும் வாதாட வேண்டிய விவகாரம் இது. பட்சிராஜன் அதற்கு உதவமாட்டார். சலீம் அலி உதவுவார்.

ஒரு படம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் விமர்சனம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டால் வகுப்பறையில் என்னைப்போன்ற ஒருவன் அதைப் பாடமாக்கிவிடுவான். முதல்நாள் அபிப்பிராயங்களை எழுதுவோர் காட்சியின் தரத்தை அளந்தபின் ஒரு நிமிடம் ஒதுக்கி, இந்தப் படம் யாருக்காகப் பேசுவதாகச் சொல்கிறது, அவர்களைக் கடைசியில் என்ன செய்கிறது என்றும் எழுதினால் போதும்.

இப்போது என் வகுப்புப் பிள்ளைகள் வாரத்தில் ஒருநாள் குளக்கட்டில் நின்று பறவைகளை எண்ணிக் கொப்பியில் குறிக்கிறார்கள். குருவி என்ற நிரலில் நெடுநாள் பூச்சியமே இருந்தது. சென்ற தவணையில் ஒருநாள் நான்கு என்று பதிந்திருந்தார்கள். எங்கே கண்டீர்கள் என்று கேட்டேன். குளத்திலல்ல, சந்திக் கடை வாசலில், அரிசி மூட்டை இறக்கும் இடத்தில் என்றார்கள்.