பேய்க்கும் ஓர் இடம்: நீலகேசியும் பேரப்பிள்ளைகளின் பகடை ஆட்டமும்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோத்ரூடில் எங்கள் வீட்டுக் கூடம் எனக்குச் சொந்தமில்லை. பேரனும் அவன் கூட்டாளிகள் நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். காகிதம், பென்சில், இருபது முகமுள்ள பகடை, அவ்வளவுதான் சரக்கு. ஆட்டத்தின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே பேசிக் கதையை நடத்த வேண்டும். ஒருவன் மட்டும் தனக்கென்று பாத்திரம் எடுக்காமல் ஊர், காடு, எதிரி எல்லாவற்றையும் தானே சொல்லி ஆட்டத்தை நடத்துவான். நம் ஊர்க் கூத்து வாத்தியார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் பெரிய தகராறு. மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, பூசாரி என்று எடுத்திருக்க, என் பேரன் "நான் பேயாத்தான் வருவேன், பிணம் தின்னிப் பேய்" என்றான். ஆட்டம் நடத்துபவன் பக்கத்து வீட்டு மராட்டியப் பிள்ளை. முடியாது என்றான். மூன்று காரணம் சொன்னான். பேய் ஊருக்குள் நுழைந்தால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள், கதை நகராது. பேயின் பலம் மற்றவர்களுக்குக் கிடையாது. எப்போதும் கதை பேயையே சுற்றும், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பேரன் முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் பட்டது. அதைவிட, இது தமிழில் முன்பே ஒருமுறை விசாரிக்கப்பட்ட வழக்காயிற்றே என்று தோன்றியது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியைத்தான் சொல்கிறேன்.

பழையனூர் நீலி கதை தெரியாத தமிழ் வீடு உண்டா? திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் ஒரு வணிகனைப் பழிவாங்கிய பேய் அவள். அவனை அவளிடம் ஒப்படைத்த பாவத்துக்கு வேளாளர் எழுபது பேர் தீப்பாய்ந்தார்கள். பொய் அழுகைக்கு இன்றும் 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். இப்படிப்பட்ட பேயைத்தான் பெயர் தெரியாத ஒரு சமணப் புலவர் தம் காப்பியத் தலைவியாக்கினார். கொல்லாமையைச் சொல்ல வந்தவருக்குக் கொலைப் பேய்தானா கிடைத்தது? நிற்க. அந்தப் பிள்ளை சொன்ன மூன்று தடைகளையும் புலவர் எப்படிக் கையாண்டார் என்று பார்ப்போம்.

முதல் தடை, ஊர் ஏற்குமா என்பது. பாஞ்சால நாட்டில் சுடுகாட்டை ஒட்டிய காளி கோயிலில் ஆடு பலியிட வருகிறார்கள். அங்கிருந்த முனிச்சந்திரர், உயிருள்ள ஆட்டுக்குப் பதில் மண்ணால் செய்த ஆட்டை வையுங்கள் என்கிறார். பலி போன கோபத்தில் காளி தெற்கேயிருந்து நீலியை வரவழைக்கிறாள். நீலி பயமுறுத்திப் பார்க்கிறாள், பிறகு அழகிய இளவரசியாய் வந்து மயக்கப் பார்க்கிறாள். முனிவர் அவள் யாரென்று கண்டுகொள்கிறார், ஆனால் விரட்டவில்லை. அறம் சொல்கிறார். அவள் ஏற்கிறாள். அந்த அறத்தைப் பரப்புவதே அவள் செலுத்தும் குருதட்சிணை. ஆக, ஊர் ஊராகப் போக அவளுக்கு ஒரு காரணமும் பின்னால் ஒரு குருவும் கிடைத்துவிட்டன. இந்தத் தொடக்கம் அபாரமானது.

இரண்டாம் தடை பலம். கொல்லாமை விரதம் அவள் கையைக் கட்டிவிடுகிறது. பலம் கையிலிருந்து நாவுக்கு மாறுகிறது. குண்டலகேசி, அருக்கச்சந்திரன், மொக்கலன், கடைசியில் புத்தர், பிறகு ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று அத்தனை பேரோடும் அவள் செய்வது வாதப் போர்தான். இதுவும் நல்ல ஏற்பாடு.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் கதையாகச் சொன்னேன். மராட்டியப் பையன் கேட்டான்: "ஆஜோபா, அந்தப் பேய்க்குக் கூட்டாளி யாருமே இல்லையா?"

வாயடைத்துப் போனேன். இத்தனை வருஷம் படித்தும் எனக்குத் தோன்றாத கேள்வி. இல்லைதான். ஒவ்வொரு சருக்கத்திலும் நீலகேசியே ஜெயிக்கிறாள். எதிராளிகள் அவள் பதிலுக்கு வசதியாகவே கேள்வி கேட்கிறார்கள். முதல் சருக்கம் தாண்டிய பிறகு பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் பேசுவது பேயா, துறவியா என்று சொல்ல முடியாது. விசேஷமான பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, விசேஷத்தைப் புலவர் பெட்டிக்குள் பூட்டிவிட்டார். எங்கள் சமய நூல் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட்டால் தராசில் விரல் வைத்த பாவம் வரும்.

ஒரே ஒரு இடம் விலக்கு. கடைசியில் உயிர் என்று ஒன்றில்லை என்று சாதிக்கும் பிசாசகனுக்கு முன் அவள் தன் பழைய கோர உருவத்தையே காட்டுகிறாள். அவன் நடுங்குகிறான். இந்தச் சான்றை எந்தத் துறவியாலும் கொடுத்திருக்க முடியாது, பேயால் மட்டுமே முடியும். பேயைத் தேர்ந்தெடுத்ததற்குப் பலன் அங்கேதான் கிடைக்கிறது.

பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் இதே சிக்கல் பிறந்தபோதே கூடப் பிறந்ததுதான். கைகாக்ஸும் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் விதிநூலில், யாரும் எதுவாகவும் வரலாம், டிராகனாகக்கூட வரலாம், ஆனால் சிறு டிராகனாக, பலம் குறைந்தவராகத் தொடங்க வேண்டும் என்று இருக்கிறது. 1979இல் கைகாக்ஸ் எழுதிய கையேடு மனசு மாறி, அரக்கப் பாத்திரம் கேட்பவர்கள் பெரும்பாலும் பலத்துக்காகவே கேட்கிறார்கள் என்று எச்சரிக்கிறது. அதற்கு முன்பே ஆர்னசன் வீட்டு ஆட்டத்தில் ஒருவர் ரத்தக்காட்டேரியாக வந்து அடங்காமல் போக, அதை எதிர்க்கத்தான் பூசாரிப் பாத்திரமே உருவாயிற்று. ஆளை வெளியேற்றவில்லை, எதிர்ப்பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பௌத்தக் குண்டலகேசிக்கு எதிராக நீலகேசி எழுந்த கதையும் அதேதான். இன்று குண்டலகேசி நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல், அதை மறுக்க வந்த நீலகேசியும் அதன் உரையும் காப்பாற்றித் தந்தவை.

அடுத்த ஞாயிறு என் பேரன் பேயாகவே உட்கார்ந்தான். சிறு பேய். மாமிசம் தொடுவதில்லை என்று விரதம். ஊருக்குள் நுழைய ஒரு குருவின் மோதிரம். ராத்திரியில் சுடுகாட்டு வழி கேட்க வேண்டுமானால் மற்றவர்கள் இவனைத்தான் கேட்க வேண்டும், பகலில் இவன் அவர்கள் பின்னால் நடக்க வேண்டும். நிபந்தனைகளைப் போட்டது மராட்டியப் பையன். நம் புலவர் செய்யாமல் விட்டதை அந்தப் பிள்ளை செய்தான்.

இதை ஏன் இந்த மலரில் எழுதுகிறேன் என்றால், புனேவில் எனக்கும் இந்தப் பாத்திரம்தான் வாய்த்தது. ஜைன மந்திரில் "மதராசியில் ஜைனரா?" என்பார்கள். தமிழர் கூட்டத்தில் "நீங்க சேட்டுங்களா?" என்பார்கள். சங்க விழாவில் நாற்காலி அடுக்கித்தான் நானும் தொடங்கினேன். சிறு டிராகன்தான்! பொழுது சாயுமுன் சாப்பிட்டாக வேண்டும் என்று நான் சொன்னபோது சிரித்தவர்கள், பிறகு எனக்காகப் பந்தியை முன்னால் வைத்தார்கள். என் வழக்கத்தை விட்டுவிடு என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் பெயர் மறைத்தாலும் தெரிகிற ஆளாக இன்னும் இருக்கிறேன்.

பிள்ளைகள் பகடை உருட்டினால் திட்டாதீர்கள். அவர்கள் கேட்கிற பாத்திரம் விநோதமாக இருந்தால் 'ஏன் அது?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படியே, 1936இல் சக்கரவர்த்தி நயினார் வாமன முனிவர் உரையோடு பதிப்பித்த நீலகேசியையும் தேடிப் பிடித்துப் படியுங்கள். குறை சொல்வதற்காகவாவது படியுங்கள்.